இறங்குகிற பக்கம்

மார்ச் 3, திங்கள்

வார்டு அலுவலகத்தில் இன்று தன்னார்வலர்களுக்கு ஆளுக்கொரு பச்சை மேல்சட்டையும் ஒரு டைரியும் கொடுத்தார்கள். சட்டையின் முதுகில் 'நம் வார்டு நண்பர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்கு வந்தது எக்ஸ்எல். நான் எக்ஸ்எல் ஆள் இல்லை. மாற்றிக் கேட்டதற்கு, "வெளிய தெரியணும்ல சார், லூசாவே இருக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். டைரியில் அன்றன்றைக்குச் செய்த பொதுப்பணியை எழுதி, மாதக் கடைசியில் காட்ட வேண்டுமாம். எழுதினால் போயிற்று.

பெயர் அருணகிரி. கரைமேடு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தொழில், மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர். கடை வீட்டின் முன்னறையிலேயே இருப்பதால் ஊர்வேலை என்று வந்தால் உடனே ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடலாம். "வீட்டு வேலைன்னா மட்டும் அந்த ஷட்டர் இறங்காது" என்பாள் என் மனைவி ஜெயக்கொடி. அது பொதுப்பணியில் சேராது, இங்கே எழுதியிருக்க வேண்டாம். பேனாவில் எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

இன்றைய பணி: சட்டையைப் போட்டுக்கொண்டு காலனியை ஒரு சுற்று சுற்றியது.

மார்ச் 6, வியாழன்

எங்கள் ஸ்டாப்புக்கு நிழற்குடை வரப்போகிறது. மனு மேல் மனு போட்டு நான் வாங்கியது. சங்கத் தலைவர் லூர்துசாமி "நாம வாங்குனது" என்கிறார். இருக்கட்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கரைமேட்டில் மெயின் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஸ்டாப் உண்டு. டவுனுக்குப் போகிறவர்கள் ரோட்டைத் தாண்டி மேற்குப் பக்கம் நின்று ஏற வேண்டும். டவுனிலிருந்து வரும் பஸ் கிழக்குப் பக்கம், காலனி ஏற்றத்துக்குக் கீழே, ஆளை இறக்கிவிட்டு நேரே டெப்போவுக்குப் போய்விடும். ஆகவே கிழக்கில் யாரும் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதில்லை. மேற்கில்தான் காலையில் கூட்டம். ரோட்டை அகலப்படுத்தியபோது அங்கே இருந்த வாகை மரமும் போயிற்று. மாசி முடியுமுன்பே வெயில் நேரே மண்டையில் இறங்குகிறது.

ஜெயக்கொடி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில், இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவில் இருக்கிறாள். காலை ஒன்பதரை பஸ்ஸுக்குப் போவாள். நானும் தினம் ஸ்டாப்பை ஆய்வு செய்ய அதே நேரத்துக்குப் போகிறேன். கையில் குடை இருப்பதால் அவளுக்கும் கொஞ்சம் நிழல் விழுகிறது.

போன மாதம் இன்ஜினியர் இடம் பார்க்க வந்தபோது நான் திண்டுக்கல்லில் அக்கா மகள் கல்யாணத்தில் இருந்தேன். கூட இருந்திருந்தால் அளவு நாடாவை நானே பிடித்திருப்பேன்.

இன்றைய பணி: கிழக்குப் பக்கம் நாலு குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கேபிளுக்காக இருக்கும். யாரும் விழுந்துவிடாமல் சுற்றிக் கயிறு கட்ட ஏற்பாடு செய்தேன்.

மார்ச் 12, புதன்

கேபிள் இல்லை.

மார்ச் 13, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. நாலு குழியிலும் நாலு இரும்புக் கால் நிற்கிறது. மேலே நீலத் தகடு. நீளமாக ஸ்டீல் பெஞ்சு. நிழற்குடையை இறங்குகிற பக்கம் நட்டுவிட்டார்கள்! ஒருத்தனும் காத்திருக்காத இடத்தில் காத்திருக்கப் பந்தல். நான் கட்டின கயிறுகூட ஒரு காலில் அப்படியே தொங்குகிறது.

வார்டு அலுவலகத்துக்கு ஓடினேன். உதவிப் பொறியாளர் நஸ்ரின் சின்னப் பெண், பொறுமையாகப் பேசுவாள். இன்று எனக்குப் பொறுமை இல்லை.

"மேடம், ஏறுற பக்கம் நாங்க வேகுறோம். நீங்க இறங்குற பக்கம் வச்சிருக்கீங்க."

"ரெண்டு பக்கமும் இடம் இருந்துச்சு சார். எங்க வைக்கணும்னு அங்க நின்னவங்ககிட்டதான் கேட்டேன். உங்க ஏரியா ஆள்தான் இந்த இடத்தைக் காட்டுனாங்க."

"யாரு?"

"ஒரு லேடி. நான் அளந்து முடிக்க ராத்திரி ஆயிருச்சு, அப்ப பஸ்ஸ விட்டு இறங்கி வந்தாங்க. பேரு கேக்கல."

யாரோ ஒரு புத்திசாலி. ராத்திரி ஜெயக்கொடி வந்ததும் அவளிடம் பொரிந்து தள்ளினேன். எந்தக் கூமுட்டை இப்படிக் காட்டியிருப்பாள், கிழக்கு மேற்கு தெரியாதா, என்ன ஜென்மம் என்றெல்லாம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "யாரா இருந்தா என்னங்க, வச்சாச்சுல்ல" என்றாள். நல்லது கெட்டதில் அக்கறையே கிடையாது.

மார்ச் 21, வெள்ளி

பஸ் சர்வீஸ் மோசமாகிக்கொண்டு வருகிறது. ஜெயக்கொடி முன்பெல்லாம் ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்துவிடுவாள். ஏழெட்டு நாளாக எட்டே முக்கால் ஆகிறது. எனக்குக் காபி பிந்துகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. பொதுமக்கள் பாதிக்கப்படுகிறார்கள்.

இன்றைய பணி: பஸ் தாமதம் குறித்துப் போக்குவரத்துக் கழகத்துக்குப் புகார்.

மார்ச் 29, சனி

பதில் வந்துவிட்டது. பஸ் எங்கள் ஸ்டாப்புக்குச் சரியான நேரத்துக்குத்தான் வருகிறதாம். இவர்கள் பேச்சை யார் நம்புவது?

ஏப்ரல் 4, வெள்ளி

சங்கக் கூட்டம். நிழற்குடையைக் கழற்றி மேற்குப் பக்கம் மாற்றக் கோரிக் கையெழுத்து வாங்குவது என்று என் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. போல்ட் வைத்து முடுக்கினதுதான், கழற்றுவதொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. லூர்துசாமி எழுந்து, "நம்ம அருணகிரி இறங்கிட்டான்னா முடிக்காம விடமாட்டான்" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன், பிறகுதான் எனக்காக என்பது உறைத்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜெயக்கொடிக்கு இன்று வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைதான் ஜவுளிக்கடையில் கூட்டம் அள்ளும், அதனால் செவ்வாயில் விடுகிறார்கள். விடுமுறை என்று பெயர். விடிந்ததிலிருந்து துணி ஊறப்போட்டு, மாவாட்டி, ஒட்டடை அடித்து, ஆள் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. கையெழுத்துத் தாளை நீட்டினேன்.

"எண்ணெய்க் கைங்க. அப்புறம் போடுறேன்."

வீடு வீடாகப் போனேன். ஆண்கள் படிக்காமலே போட்டார்கள். பெண்களிடம்தான் ஓடவில்லை. ஒருத்தி கண்ணாடியைக் காணோம் என்றாள். எதிர்வீட்டு சகாயமேரி, ஜெயக்கொடியோடு அதே கடையில் சுடிதார் பிரிவில் இருக்கிறவள், "எங்க வீட்டுக்காரரு போட்டுட்டாருல்லண்ணே, ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதாதா" என்று கதவைச் சாத்திவிட்டாள். பொதுக் காரியம் என்றால் இந்தப் பெண்களுக்கு ஏன் இத்தனை அலட்சியம் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மறுபடி கேட்டேன். மாவுக் கையாம்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் மேற்குப் பக்கம் வெயில் தாங்கவில்லை. குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்ததில் எனக்கு ஒரு காது மட்டும் கறுத்துவிட்டது. "எதுக்குங்க தினம் வர்றீங்க, கடையப் பாருங்க" என்றாள். ஆய்வு என்றேன். "நல்லா ஆய்ஞ்சீங்க" என்று சிரித்தாள். பஸ் வந்ததும் ஏறி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டு வாழ்கிறோம், ஸ்டாப்பில் நின்று கையாட்டுவது என்ன பழக்கம்? நானும் ஆட்டினேன்.

ஏப்ரல் 28, திங்கள்

கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். கையெழுத்துகளோடு நானும் லூர்துசாமியும் போனோம். டோக்கன் வாங்கி, முறை வந்து, பேசி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. நான் சட்டையோடு போயிருந்ததால் என்னை அங்கே வேலை பார்க்கிற ஆள் என்று நினைத்து, கழிப்பறை எங்கே என்று பலர் கேட்டார்கள். எல்லோருக்கும் வழி காட்டினேன். அதையும் இன்றைய பணியில் சேர்த்துக்கொள்கிறேன்.

மே 14, புதன்

ஜெயித்தாயிற்று! நஸ்ரின் மேடமே போன் செய்தாள். திங்கட்கிழமை காலை லாரியோடு ஆள் வரும், கழற்றி மேற்குப் பக்கம் நட்டுவிடுவார்கள். லூர்துசாமி லாலா கடையில் அல்வா வாங்கி வீடு வீடாகக் கொடுத்தார்.

ஜெயக்கொடி வந்ததும் வாசலிலேயே சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"எப்பக் கழட்டுறாங்க?"

"திங்கக்கிழமை."

"அப்ப வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு இருக்கு" என்றாள். பிறகு அரிசி களைய உள்ளே போய்விட்டாள். அல்வாவை அவள் தொடவே இல்லை. எதற்கு நாளை எண்ணினாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மே 16, வெள்ளி

சங்கத்துக்காக 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம் எடுத்து வைக்க வேண்டும் என்றார் லூர்துசாமி. பகலில் ரிப்பேர் வேலை குவிந்துவிட்டதால், ஜெயக்கொடி வருகிற நேரத்துக்குத்தான் இறங்கிப் போக முடிந்தது. மேற்குப் பக்கம் டீக்கடை ஓரமாக நின்று போனை எடுத்தேன். எதிரே டவுன் பஸ் வந்து நின்றது.

இறங்கியவர்கள் முக்கால்வாசிப் பெண்கள். ஆண்கள் விறுவிறுவென்று ஏற்றத்தில் ஏறிப் போய்விட்டார்கள். பெண்கள் போகவில்லை. ஏழெட்டுப் பேர் நேரே நிழற்குடைக்குள் போய்ப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி செருப்பை உதறிவிட்டுக் காலை நீட்டினார்கள். தகட்டுக்குக் கீழே ஒரு குழல் விளக்கு எரிகிறது, நன்றாகத் தெரிந்தது. சகாயமேரி ஒரு பொட்டலம் வேர்க்கடலையைப் பிரித்து இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை அனுப்பினாள். ஒருத்தி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

நடுவில் ஜெயக்கொடி. இரண்டு காலையும் பெஞ்சின் மேலேயே தூக்கி வைத்து, கணுக்காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஏதோ சொன்னார்கள். தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். ரோட்டைத் தாண்டி, லாரிச் சத்தத்தையும் தாண்டி அது எனக்குக் கேட்டது. கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. அது போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். போகவில்லை, இங்கே இருக்கிறது.

ஒரு பத்து நிமிஷம் இருக்கும். சகாயமேரி எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "எந்திரிங்கடி, அடுத்த ஷிப்ட்டுக்கு நேரமாச்சு" என்று உரக்கச் சொன்னாள். எல்லோரும் எழுந்தார்கள். எழுந்தபோது ஜெயக்கொடி ஒரு கணம் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

படம் எடுக்கவில்லை.

மே 17, சனி

கேட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் நின்று கேட்டேன்.

"அந்த இடத்த நீதான காட்டுன?"

திரும்பாமலே, "ஆமா" என்றாள். "நீங்க திண்டுக்கல் போயிருந்தப்ப. அந்தப் பொண்ணு டேப்ப வச்சுக்கிட்டு எங்க வைக்கட்டும்னுச்சு. காட்டுனேன்."

"காலைல வெயில்ல நிக்கிறியே கொடி."

"காலைல என்னங்க, நீங்க குடை புடிக்கிறீங்க. பேசிக்கிட்டே நிக்கிறதுக்குள்ள பஸ் வந்துருது. ராத்திரிதான் முடியல. பத்து மணிலருந்து நின்ன காலு. நிக்கிறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு சட்டமாம், ஸ்டூலு போட்ருக்காங்க. உக்காந்தா சூப்பர்வைசர் பாக்குற பார்வைல தானா எந்திரிச்சுருவோம். பஸ்ல எங்க சீட்டு கிடைக்குது? இறங்குனா இந்த ஏத்தம் வேற. முன்னாடியெல்லாம் அந்தச் சாக்கடைத் திண்டுலதான் கொஞ்ச நேரம் உக்காந்து பாப்பேன். நாத்தம் தாங்காது, வந்துருவேன்."

"வீட்டுக்கு வந்து உக்கார வேண்டியதுதான?"

அப்போதுதான் திரும்பினாள். கோபமெல்லாம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"வீட்டுக்கு வந்து நான் உக்காந்து பாத்துருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். வருவாள். செருப்பைக் கழற்றுவாள். நான் "காபி" என்பேன். பிறகு அரிசி, பிறகு குழம்பு, பிறகு பாத்திரம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது கிடைக்காதா என்று தேடினேன். காய்ச்சலில் படுத்த நாள்கள்தான் வந்தன. அது உட்கார்ந்ததில் சேராது.

"கடைல முதலாளி, வீட்டுல நீங்க. நடுவுல ஒரு பத்து நிமிசம். அதுக்குத்தாங்க காட்டுனேன்" என்றாள். "விடுங்க. ஊருக்கே வேணும்னு கையெழுத்து வாங்கியாச்சு. பழையபடி வந்துட்டுப் போறேன்."

என் மேலே எனக்கு வெறுப்பாக இருந்தது. இதை ஆபீசில் காட்ட முடியாது. அவர்களுக்கு வேறு டைரி எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன்.

மே 18, ஞாயிறு

லூர்துசாமி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "ஒம் பொண்டாட்டி ஒருத்தி கால் வலிக்குதுன்னு ஊரே வெயில்ல நிக்கணுமாக்கும்?" என்றார். நியாயமான கேள்விதான். எழுந்து வந்துவிட்டேன். காலனியின் பாதிப் பேர் காலையில் மேற்கில்தான் நிற்கிறார்கள். நானும்தான் நிற்கிறேன்.

மே 19, திங்கள்

ஜெயக்கொடி பஸ் ஏறிப் போன பிறகு, பத்து மணிக்கு லாரி வந்தது. ஸ்பேனரோடு இரண்டு பேர். லூர்துசாமி மாலை வாங்கி வைத்திருந்தார். நிழற்குடைக்கா எனக்கா என்று தெரியவில்லை. முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டும்போது நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், எந்திரிங்க" என்றாள் நஸ்ரின்.

"கழட்ட வேணாம் மேடம்."

"நீங்கதான சார் கேட்டீங்க? நாலு தடவ வந்தீங்க, குறைதீர் நாளுக்கு வேற போனீங்க!"

"நான்தான் கேட்டேன். நானே வேணாங்கிறேன்."

லூர்துசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "அருணகிரி, வெயிலு மண்டைல ஏறிருச்சாடா?" என்று கத்தினார். கூட்டம் சேர்ந்துவிட்டது. பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சொன்னேன்: "காலைல ஏறுறவன் தூங்கி எந்திரிச்சு, தின்னுட்டு வர்றான். பத்து நிமிசம் நிப்பான். ராத்திரி இறங்குறவங்க நாள் பூரா நின்னுட்டு வர்றாங்கண்ணே. போனதும் மறுபடி நிக்கணும். உங்க மகளும் மில்லுலருந்து இதே பஸ்லதான வருது? ஒரு நாள் ராத்திரி வந்து பாருங்க. நான் வெள்ளிக்கிழமைதான் பாத்தேன்."

லூர்துசாமி மாலையைச் சைக்கிள் ஹேண்டிலில் மாட்டினார்.

நஸ்ரின் என்னையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாயால சொன்னா நான் நிப்பாட்ட முடியாது சார். கையெழுத்து வாங்கித்தான் ஆர்டர் போட்டாங்க. அதே மாதிரி கையெழுத்தோட வேணாம்னு எழுதிக் குடுங்க. நாளைக்குக் காலைல வரைக்கும் லாரிய வேற வேலைக்கு அனுப்பிக்கிறேன்." கிளம்பும்போது ரகசியமாகச் சொன்னாள்: "அந்தக்கா இடத்தைக் காட்டும்போதே எனக்குக் காரணம் புரிஞ்சுச்சு சார்."

ராத்திரி பஸ் வரும் நேரத்துக்குத் தாளோடு நிழற்குடையில் நின்றேன். இறங்கினவர்கள் என்னைப் பார்த்ததும் தயங்கினார்கள். ஜெயக்கொடிக்கு யாரோ கடைக்கே போன் செய்து காலையில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். நேரே வந்து தாளை வாங்கினாள்.

"எண்ணெய்க் கை இல்லையா?" என்றேன்.

"இன்னிக்குச் சுத்தமாத்தான் இருக்கு" என்று முதல் கையெழுத்தைப் போட்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அடுத்து சகாயமேரி. கண்ணாடியைக் காணோம் என்றவளும் கண்ணாடி இல்லாமலே போட்டாள். அடுத்தடுத்த பஸ்களில் வந்தவர்களும் போட்டதில் தாள் நிறைந்து, பின்பக்கமும் எழுத வேண்டியதாயிற்று. மில்லிலிருந்து வந்த லூர்துசாமியின் மகள், "அப்பா கையெழுத்து நாளைக்கு வாங்கித் தர்றேன் சித்தப்பா" என்றாள்.

மே 20, செவ்வாய்

நஸ்ரின் மேடத்திடம் தாளைச் சேர்த்தாயிற்று, லாரி வரவில்லை. அதற்கு முன், விடிந்ததுமே லூர்துசாமி வந்தார். கையெழுத்துப் போட்டார். என் செயலாளர் பதவியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். இரண்டும் சரிதான்.

மே 29, வியாழன்

மேற்குப் பக்கம் மின்கம்பத்தை விட்டுத் தள்ளி இரண்டு இரும்புக் குழாய் நட்டு, பச்சை வலை கட்டிக்கொள்ள நஸ்ரின் மேடம் அனுமதி வாங்கிக் கொடுத்தாள். வார்டு நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து கட்டினோம். லூர்துசாமி ஏணியைப் பிடித்தார். வலை கொஞ்சம் கோணல். ஆனால் நிழல் விழுகிறது. பக்கத்தில் இரண்டு வேப்பங்கன்றும் வைத்திருக்கிறோம். குடையை இனிமேல் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ஆய்வுக்கு மட்டும் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஜெயக்கொடியின் விடுமுறை நாள். சோறு வடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். மிக்ஸியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டுகிறவனுக்குக் கஞ்சி வடிக்கும்போது கை சுட்டுவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

இன்று ஒரு யோசனை வந்தது. பிளாஸ்க்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு, பஸ் வருகிற நேரத்துக்கு இறங்கிப் போனேன். எல்லோருக்கும் போதும் என்கிற அளவு டீ, தம்ளர்கள் வேறு. பாதி ஏற்றத்திலேயே அந்தச் சிரிப்பு கேட்டது. விளக்கு வெளிச்சத்தில் நான் வந்ததும் சட்டென்று நின்றுவிட்டது. பெஞ்சு முழுக்கக் கால்களை இழுத்துக்கொண்டார்கள். சேலையைச் சரி செய்தார்கள். சகாயமேரி செருப்பைத் தேடினாள். ஜெயக்கொடி எழுந்தே விட்டாள்.

"என்னங்க, வீட்ல எதுவும்..."

"ஒண்ணுமில்ல. டீ கொண்டாந்தேன். உக்காரு" என்று பிளாஸ்க்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு உடனே திரும்பி நடந்தேன். கொஞ்சம் தூரம் வந்த பிறகுதான் பேச்சுச் சத்தம் மறுபடி கேட்டது. எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. ஏற்றம் முடிவதற்குள் போய்விட்டது. வீடு அவர்களைத் தேடி ரோட்டுக்கே வந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? இனிமேல் அந்தப் பக்கம் போவதாக இல்லை.

சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன், வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

எட்டே முக்காலுக்கு வந்தாள். காலிப் பிளாஸ்க்கை வாசலில் வைத்து, செருப்பைக் கழற்றி, பழக்கதோஷத்தில் நேரே அடுப்படிக்குள் போனாள். சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தாள். பக்கத்தில் ரசம். அப்பளம்கூடப் பொரித்திருந்தேன், ஓரம் கருகல். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல நின்றாள்.

"உக்காரு" என்றேன்.

சோறு குழைந்துபோயிருந்தது. ரசத்தில் உப்பு இல்லை. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள், காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தபடியே.